ஜின் என்றால் பேயா, பூதமா?

அலாவுதீன் விளக்கைத் தேய்த்தால் வருவது பூதம். தர்கா முற்றத்தில் தலையை விரித்துப் போட்டு ஆடும் பெண்ணின் மேல் இருப்பது பேய். தொழுகையில் நிற்கும்போது கடன்காரன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவருவது ஷைத்தான். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கி "எல்லாம் ஜின்னுதான்" என்று சொல்லிவிடுகிறோம். முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம் வீடுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இஸ்லாமிய மரபில் ஜின் என்பது செத்துப்போனவரின் ஆவி கிடையாது. மனிதரைப் போலவே பிறந்து, தின்று, மணம் முடித்து, சாகிற இன்னொரு குடி. நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் "தெரியாது" என்பதுதான் சொல்லின் பொருளே.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து கொண்ட ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. ஜின் என்ற சொல்லின் வேர் ஜ்-ன்-ன். மூடுதல், மறைத்தல் என்பது அதன் பொருள். இப்ராஹீம் நபி நட்சத்திரத்தைப் பார்த்த கதையைக் குர்ஆன் "இரவு அவரை மூடியபோது" என்று தொடங்குகிறது (6:76, அதாவது 6ஆம் அத்தியாயம், 76ஆம் வசனம்). அந்த "மூடியது" என்பதற்கு அங்கே உள்ள வினை "ஜன்ன". ஜின்னுக்கும் இந்த இருட்டுக்கும் ஒரே வேர்.

இதே வேரில் வந்த மற்ற சொற்களில் சில நம் காதுக்குப் பழக்கமானவைதான். தோட்டத்துக்கும் சொர்க்கத்துக்கும் பெயரான ஜன்னத் இதில் ஒன்று. மரங்கள் அடர்ந்து தரையை மறைத்துவிடுவதால் அந்தப் பெயர். ஜன்னத்துல் பிர்தௌஸ் அத்தர் பூசிக்கொள்கிறவர் கழுத்தில் மணப்பது ஜின்னின் உறவுக்காரச் சொல். தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் கரு ஜனீன். அடி படாமல் உடலை மறைக்கும் கேடயம் ஜுன்னா. "நோன்பு ஒரு கேடயம்" என்ற நபிமொழியில் வருவது இந்தச் சொல்தான். அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். லைலாவுக்காகப் பாலைவனத்தில் அலைந்த கைஸுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் அதுதான். ஜின் பிடித்தவன், பைத்தியம் இரண்டையும் அந்த ஒரு சொல்லே குறித்தது.

இதில் வழுக்கி விழ ஓர் இடம் உண்டு. ஜனாஸா என்ற சொல்லையும் சிலர் இந்தக் குடும்பத்தில் சேர்த்து, "பார்த்தீர்களா, பிணத்துக்கும் ஜின்னுக்கும் ஒரே வேர், அதனால் ஜின் என்றால் ஆவி" என்று சொல்வார்கள். ஜனாஸாவின் வேர் ஜ்-ன்-ஸ். மூன்றாம் எழுத்தே வேறு. மதுக்கடையில் விற்கும் ஜின்னுக்கும், பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்கும் இங்கே எந்தப் பங்கும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றா, பலவா?

வயலில் நெல் விளைந்திருக்கிறது என்கிறோம். அங்கே "நெல்" ஒரு மணியைக் குறிக்கவில்லை, அந்த இனம் முழுவதையும் குறிக்கிறது. ஒன்றைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டுமானால் "நெல்மணி" என்போம். அரபில் ஜின் என்பதும் இப்படி இனம் முழுவதையும் குறிக்கும் பெயர். அதில் ஓர் ஆண் என்றால் ஜின்னி, ஒரு பெண் என்றால் ஜின்னிய்யா. "அரபு" என்றால் அந்த மக்கள், "அரபி" என்றால் அவர்களில் ஒருவர், அதே கணக்கு. ஆகவே "ஜின்னி" என்பது பெண்பாற் பெயர் என்று நினைப்பது தவறு. தமிழில் ஜின், ஜின்கள் என்று எழுதுவது நம் இலக்கணத்துக்கு ஒத்துவருகிறது, அதில் பிழை காண வேண்டியதில்லை.

ஜான் என்றும் குர்ஆனில் ஒரு வடிவம் வரும். பெரும்பாலும் ஜின் இனத்தைக் குறிக்கும். ஆனால் மூஸா நபியின் கைத்தடி நெளிந்து ஓடிய இடத்தில் "ஜான் போல" என்றால் பாம்பு போல என்று பொருள் (27:10). பாம்புக்கும் ஜின்னுக்கும் அரபியர் மனதில் இருந்த நெருக்கத்துக்கு இதுவே அடையாளம்.

இதுவரை பார்த்தது: ஜின் என்றால் மறைந்திருப்பது. அது ஓர் இனத்தின் பெயர். இறந்தவருக்கும் அதற்கும் சொல்லளவில்கூடத் தொடர்பில்லை.

புகையில்லாத நெருப்பு

மனிதன் மண்ணால், ஜின் நெருப்பால், வானவர் ஒளியால் படைக்கப்பட்டார்கள் என்பது மரபு. வானவர் என்பதற்கு முஸ்லிம்கள் வழக்கில் மலக்கு என்பார்கள்: இறைவன் சொன்னதை மட்டுமே செய்கிற, மீறும் விருப்பமே இல்லாத படைப்பு.

"நெருப்பால்" என்றதும் எரிந்துகொண்டே நடக்கும் உருவம் மனதில் வருகிறது. குர்ஆன் சொல்லும் சொல் இன்னும் நுட்பமானது: மாரிஜ் (55:15). விறகடுப்பில் தீ நன்றாகப் பிடித்த பிறகு கவனித்துப் பாருங்கள். அடியில் கட்டையை ஒட்டிப் புகை சுருளும். அதற்கு மேலே, தழலின் நுனியில், ஒரு நாக்கு எழுந்து ஆடி, பிரிந்து, மறைந்து, மறுபடி எழும். அதில் புகை இருக்காது. அதற்கு எல்லையும் சொல்ல முடியாது. உரையாசிரியர்கள் மாரிஜ் என்பதற்குச் சொன்ன விளக்கம் ஏறக்குறைய இந்த நுனிதான். இன்னோர் இடத்தில் "சமூமின் நெருப்பு" என்று வருகிறது (15:27). சமூம் என்பது பாலைவனத்தில் உடம்பைத் துளைத்து வீசும் அனல்காற்று. இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது கனமில்லாத, பிடிக்க முடியாத, வடிவம் நிலைக்காத ஒரு பொருள். ஜின் உருவம் மாறும் என்ற நம்பிக்கைக்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

மண்ணால் ஆன மனிதன் இன்று சேறாக இல்லை. அப்படியே நெருப்பால் ஆன ஜின்னும் இன்று தீப்பிழம்பாக இருக்க வேண்டியதில்லை என்று பழைய அறிஞர்கள் வாதிட்டார்கள். நல்ல வாதம்தான்.

கணக்குக் கேட்கப்படும் குடி

இதுதான் பேயிலிருந்தும் பூதத்திலிருந்தும் ஜின்னை அடியோடு பிரிக்கும் இடம். "ஜின்னையும் மனிதரையும் என்னை வணங்குவதற்கே அன்றிப் படைக்கவில்லை" என்கிறது ஒரு வசனம் (51:56). வணங்கலாம், மறுக்கலாம் என்ற தேர்வு இரு குடிக்கும் உண்டு; ஆகவே தீர்ப்பும் இரண்டுக்கும் உண்டு.

குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே ஜின். 28 வசனங்கள். அதில் ஜின்களே பேசுகின்றன: நாங்கள் ஓர் அற்புதமான ஓதலைக் கேட்டோம், நம்பினோம் என்கின்றன. "எங்களில் நல்லவர்களும் உண்டு, அப்படி இல்லாதவர்களும் உண்டு, நாங்கள் பல வழிகளில் பிரிந்து கிடந்தோம்" என்றும் சொல்கின்றன. நபி முஹம்மது தாயிஃப் நகரத்தாரிடம் அவமானப்பட்டு, மக்காவுக்குத் திரும்பும் வழியில் நக்லா என்ற பள்ளத்தாக்கில் இரவில் ஓதியபோது நடந்ததாக இந்நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. மனிதர்கள் கல்லெறிந்த பிறகு ஜின்கள் கேட்டன என்ற அமைப்பில் ஒரு கசப்பும் ஆறுதலும் இருக்கிறது.

55ஆம் அத்தியாயம் இன்னும் சுவையானது. அதன் 78 வசனங்களில் ஒரே கேள்வி 31 தடவை திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் "நீங்கள் இரு சாராரும் உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்?" என்று படித்திருப்பீர்கள். யார் அந்த இரு சாரார்? அரபில் ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று உண்டு. சரியாக இரண்டைக் குறிக்கத் தனி விகுதி. தமிழில் அது இல்லாததால் "இரு சாராரும்" என்று சேர்த்து எழுதுகிறார்கள். அந்த இருவர் மனிதரும் ஜின்னும். சபையில் இரண்டு குடிகளையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது.

நபிமொழி, அதாவது நபியின் சொல் செயல் பற்றிய அறிவிப்புகள், இந்தக் குடியின் அன்றாட வாழ்வைப் பற்றியும் பேசுகின்றன. இறைவன் பெயர் சொல்லி உண்ட உணவின் எலும்பு ஜின்களுக்கு இறைச்சி நிறைந்த உணவாகும். சாணம் அவற்றின் கால்நடைகளுக்குத் தீனியாகும். இதனால்தான் எலும்பாலும் உலர்ந்த சாணத்தாலும் மலசுத்தம் செய்யக் கூடாது என்ற விதி வந்தது. தண்ணீர் அரிதான ஊரில் கல்லால் துடைத்துக்கொள்வது வழக்கமாக இருந்ததை நினைத்தால் இந்த விதியின் நடைமுறை விளங்கும். ஒருவருடைய உணவை அசுத்தமாக்காதே என்பதுதான் சாரம், அந்த ஒருவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்துங்கள், பாத்திரத்தை மூடுங்கள் என்றும் ஒரு நபிமொழி இருக்கிறது. மஃரிப் பாங்கு கேட்டதும் தெருவில் விளையாடும் பேரனை அழைக்கும் பாட்டியம்மா இதைத்தான் செய்கிறார்.

சுருக்கமாக: ஜின் உயிரோடு இருக்கும் குடி. அதில் நல்லதும் கெட்டதும் உண்டு, நம்பியதும் நம்பாததும் உண்டு. "ஜின்" என்ற சொல்லிலேயே கெடுதல் இல்லை.

ஷைத்தான் இனப்பெயரா?

திருடன் என்பது ஓர் இனமா? இல்லை, செய்கையால் வந்த பெயர். ஷைத்தான் என்ற சொல்லும் குர்ஆனில் பல இடங்களில் அப்படித்தான் வருகிறது: வழிகெடுக்கிறவன். "மனிதரிலும் ஜின்னிலும் உள்ள ஷைத்தான்கள்" என்றே ஒரு வசனம் பேசுகிறது (6:112). ஆக மனிதனும் ஷைத்தான் ஆகலாம். எல்லா ஜின்னும் ஷைத்தான் ஆகிவிடாது.

இப்லீஸ் மட்டும் தனி ஆளின் பெயர். முதல் மனிதரான ஆதமுக்குப் பணிய மறுத்தவன். "நான் நெருப்பு, அவன் மண்" என்பது அவன் சொன்ன காரணம். பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பேசிய முதல் வாதம் என்று இதைச் சொல்லலாம். அவன் ஜின் இனத்தவன் என்று 18:50 சொல்கிறது. பணியச் சொன்ன கட்டளை மலக்குகளுக்கு இடப்பட்டதால் அவனும் மலக்காகத்தான் இருந்தான் என்று வாதிட்ட பழைய உரையாசிரியர்களும் உண்டு. தமிழ்நாட்டு மதரஸாக்களில் பொதுவாகச் சொல்லித்தரப்படுவது முதல் கருத்து.

ஜின்னுக்கு எதிர்காலம் தெரியுமா?

தெரியாது. இதில் குர்ஆன் ஒரு காட்சியையே வைத்திருக்கிறது.

சுலைமான் நபிக்கு ஜின்கள் வேலை செய்தன. மண்டபங்கள், சிற்பங்கள், நீர்த்தொட்டி அளவு பெரிய தட்டுகள், அசைக்க முடியாத கொப்பரைகள் என்று அவை செய்தவற்றின் பட்டியல் இருக்கிறது (34:13). சில கட்டடம் கட்டின, சில கடலில் மூழ்கி எடுத்தன. இப்படி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, கைத்தடியில் சாய்ந்து நின்றபடி சுலைமான் இறந்துவிடுகிறார். உடல் சாயவில்லை. எதிரே ராஜா நின்று பார்க்கிறார் என்று நினைத்து ஜின்கள் முதுகொடிய உழைத்துக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் கரையான் தடியை அரித்து, தடி முறிந்து, உடல் விழுகிறது. அப்போதுதான் அவற்றுக்கு உறைக்கிறது: மறைவானது நமக்குத் தெரிந்திருந்தால் இந்த இழிவான வேதனையில் இவ்வளவு காலம் கிடந்திருக்க மாட்டோமே! எதிரில் நிற்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூட அறியாத ஜின்தான், உங்கள் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்பதைச் சொல்லும் என்று பால் கிதாபு, அதாவது குறி பார்க்கும் நூல், பார்க்கிறவர்கள் நம்பச் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் குறி சொல்கிறவர்கள் சில நேரம் சரியாகச் சொல்வது எப்படி? இதற்கும் ஒரு நபிமொழி பதில் வைத்திருக்கிறது. வானத்தில் மலக்குகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்க ஜின்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும். இதை அறிவித்த சுஃப்யான் தன் கையைச் சாய்த்து, விரல்களை விரித்து, எப்படி அடுக்காக நிற்கும் என்று காட்டியதாகப் புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. மேலே உள்ளது ஒரு சொல்லைப் பிடித்து அடுத்ததிடம் போடும், அது கீழே உள்ளதிடம் போடும், கடைசியில் அது மண்ணில் இருக்கும் குறிகாரன் காதில் விழும். இடையில் எரிநட்சத்திரம் வந்து தாக்கும். சில நேரம் சொல் கைமாறும் முன்பே அடி விழும், சில நேரம் கைமாறிய பின். வந்து சேர்ந்த அந்த ஒரு சொல்லோடு குறிகாரன் நூறு பொய்யைக் கலப்பான். பிறகு அந்த ஒன்று பலித்ததை மட்டும் ஊர் பேசும். கடைசி வரி எந்த ஊர்ச் சோதிடருக்கும் பொருந்தும்.

இஃப்ரீத், மாரித், கூல்

இணையத்தில் ஜின்களுக்குப் படைத்தரவரிசை போட்டு, மாரித்துக்குக் கீழே இஃப்ரீத், அதற்குக் கீழே இன்னொன்று என்று படத்தோடு பட்டியல் சுற்றுகிறது. குர்ஆனில் அப்படி ஏதும் இல்லை. இஃப்ரீத் அதில் ஒரே இடத்தில் வருகிறது: சபா நாட்டு அரசியின் சிம்மாசனத்தை "நீங்கள் இருக்கையை விட்டு எழுவதற்குள் கொண்டுவருகிறேன்" என்று சுலைமானிடம் சொல்லும் வலுவான ஜின் (27:39). வேதஞானம் உள்ள வேறொருவர் "கண் சிமிட்டுவதற்குள்" என்று சொல்லி முந்திவிடுகிறார். மாரித் என்றால் அடங்காதவன். ஷைத்தானுக்கு அடைமொழியாக வரும் சொல்.

கூல் என்பது பாலைவனப் பயணியை உருவம் மாறி ஏமாற்றி வழிதவறச் செய்வதாக இஸ்லாத்துக்கு முந்தைய அரபியர் நம்பியது. "கூல் என்று ஒன்றும் இல்லை" என்றே ஒரு நபிமொழி உண்டு. ஆனாலும் சொல் சாகவில்லை, வானத்துக்குப் போய்விட்டது. பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் ஏறத்தாழ 69 மணி நேரத்துக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும் நட்சத்திரத்துக்கு அரபியர் "ரஃஸுல் கூல்", கூலின் தலை, என்று பெயரிட்டார்கள். ஐரோப்பிய வானியலில் அது அல்கால் ஆனது.

விளக்கு எங்கிருந்து வந்தது?

அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை 1704 முதல் பிரெஞ்சில் வெளியிட்டார். அதில் ஜின்னி என்ற அரபுச் சொல்லுக்கு "ஜெனி" என்ற பிரெஞ்சுச் சொல்லைப் போட்டார். அது லத்தீன் மொழியின் கெனியுஸ் என்பதிலிருந்து வந்தது. ஒவ்வொரு மனிதனோடும் கூடப் பிறந்து காவல் நிற்கும் தெய்வம் என்பது ரோமானியர் நம்பிக்கை. ஒலியும் ஒத்துப்போனது, பொருளும் ஏதோ ஒத்துப்போனது. ஆனால் இரு சொற்களின் வேரும் வேறு: லத்தீனில் பிறத்தல், அரபில் மறைதல். அந்த மாற்றத்தோடு ஜின் ஒரு தனியாளுக்குச் சேவகம் செய்யும் காவல் தெய்வமாகிவிட்டது.

அலாவுதீன் கதை பழைய அரபுப் பிரதி எதிலும் கிடையாது. அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவரான ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் கலானிடம் வாய்மொழியாகச் சொன்ன கதை அது. நடப்பதாகச் சொல்லப்படும் இடம் சீனா. விளக்கில் ஒரு ஜின், மோதிரத்தில் இன்னொரு ஜின். மூன்று வரம்தான் என்ற கணக்கு அந்தக் கதையில் இல்லை, கேட்கக் கேட்கக் கொண்டுவரும். ஜின்னை அடைத்து, சுலைமானின் முத்திரையிட்டுக் கடலில் எறியப்பட்ட செம்புக் குடம் வலையில் சிக்கிய மீனவன் கதை மட்டும் பழைய அரபுப் பிரதிகளிலேயே உண்டு.

மேற்கே அந்த லத்தீன் சொல்தான் பின்னால் "மேதை" என்ற பொருளில் ஜீனியஸ் ஆனது. அரபிலும் மேதைக்கு வழங்கும் சொல் அப்கரீ. அப்கர் என்பது ஜின்கள் வாழ்வதாகப் பழைய அரபியர் நம்பிய இடம். கவிஞனுக்குக் கவிதை சொல்லிக்கொடுப்பதே ஒரு ஜின்தான் என்றும் நம்பினார்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்காமலே இரண்டு மொழியும் மேதைக்கும் மறைந்த துணைக்கும் முடிச்சுப் போட்டிருக்கின்றன.

தமிழுக்கு வந்தபோது

உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் "சின்கள் ஈமான் கொண்ட படலம்" என்றே ஒன்று உண்டு. ஈமான் என்றால் இறைநம்பிக்கை. கிரந்த எழுத்தைத் தவிர்த்துச் சின் என்று எழுதினார். பேய் என்றோ பூதம் என்றோ மாற்றவில்லை. விவரம் தெரிந்தவர் செய்த தேர்வு. பின்னால் அரபுக் கதைகள் ஐரோப்பா சுற்றித் தமிழுக்கு வந்தபோதுதான் ஜின் பூதமானது. புதையல் காக்கும் பூதம், சிவகணத்துப் பூதம், பூம்புகாரின் சதுக்கத்தில் நின்று பொய்யரைப் பிடித்துத் தின்ற பூதம் என்று நமக்கு முன்பே பெரிய உருவங்கள் இருந்தன. குடத்திலிருந்து புகையாக எழும் ஆளுக்கு அந்தச் சட்டை சரியாகப் பொருந்தியது. கதைக்குப் பூதம் நல்ல சொல்தான். குர்ஆன் வசனத்தைப் பெயர்க்கும்போது ஜின் என்றே விடுவதுதான் சரி. பூதம் என்றால் நம்பிக்கை கொண்ட பூதம், பாவம் செய்த பூதம் என்று எழுத வேண்டிவரும்.

பேய் என்பது அதைவிடப் பெரிய பிழை. நம்மூர்ப் பேய் அகால மரணம் அடைந்தவரின் மிச்சம். அதற்கு ஒரு பெயர், ஒரு தெரு, தூக்குப் போட்ட ஒரு புளியமரம் இருக்கும். இஸ்லாமிய மரபில் இறந்தவரின் உயிர் பர்ஸக் என்னும் இடைநிலையில் மறுமை நாள் வரை இருக்கும், வேலியோரம் அலையாது.

அறிஞர்கள் எல்லோரும் ஒரே குரலிலா?

ஜின் உண்டு என்பதில் பெரும்பாலோர் ஒன்றுதான், குர்ஆன் சொல்வதால். எப்படிப்பட்டது என்பதில்தான் வழக்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ஜாஹிஸ், விலங்குகளைப் பற்றிய தன் பெருநூலில், பாலைவனத்தில் ஜின்னைக் கண்டதாகச் சொல்கிறவர்களைப் பற்றித் தன் ஆசிரியர் நஸ்ஸாமின் விளக்கத்தைத் தருகிறார். ஆளில்லா வெளியில் தனியே நெடுநாள் கிடப்பவனுக்குச் சின்னது பெரிதாகத் தெரியும், கேட்காதது கேட்கும். அதைக் கவிதையாக்குவான், கேட்ட பிள்ளைகள் அதை நம்பி வளரும், அடுத்த தடவை இருட்டில் தனியாகப் போகும் பிள்ளை அதையே காணும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கும் முந்தைய இந்த விளக்கத்தில் இன்றைக்குத் திருத்த அதிகமில்லை. எகிப்தின் அறிஞர் முஹம்மது அப்துஹு, நோய்க்கிருமிகளையும் ஜின் என்ற சொல்லில் அடக்கலாம் என்றார். கண்ணுக்கு மறைந்தது என்ற வேர்ப்பொருளை அவர் பிடித்துக்கொண்டார். பெரும்பான்மை ஏற்கவில்லை.

"ஜின் பிடிச்சிருக்கு" என்னும்போது

மனித உடலுக்குள் ஜின் நுழையும் என்று சுன்னி அறிஞர்களில் பலர் ஏற்கிறார்கள். முஃதஸிலா என்னும் பகுத்தறிவுப் பிரிவினரில் ஒரு சாரார் மறுத்தார்கள். "நான் உங்களை அழைத்ததைத் தவிர உங்கள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை" என்று ஷைத்தானே சொல்லும் வசனம் (14:22) அவர்களுக்குச் சான்று. ஏற்கிற அறிஞர்களும் அனுமதிப்பது ஓதிப் பார்ப்பதை மட்டும்: குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா, ஆயத்துல் குர்ஸி என்னும் 2:255, கடைசி இரு அத்தியாயங்கள். அடிப்பது, புகையில் முகத்தைப் பிடிப்பது, கோழியை அறுப்பது, "யார் செய்வினை வைத்தது" என்று பெயர் சொல்வது இதில் வராது. பெயர் சொல்கிறவர் மறைவானது தெரியும் என்கிறார். சுலைமானின் கரையான் கதை அவருக்கும் சேர்த்துத்தான்.

ஜின் என்று அதிகம் சொல்லப்படுபவற்றில் ஒன்று, விடியற்காலையில் மார்பின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது. தமிழ் வீடுகளில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். கனவு காணும் தூக்கத்தில், கனவுக்கு ஏற்ப நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். அந்தப் பூட்டு திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், கை அசையாது, மூச்சு முட்டும், அறையில் யாரோ நிற்பதுபோல் இருக்கும். சில நொடி முதல் ஓரிரு நிமிடம், தானே விடும். தூக்கம் கெட்டவருக்கும், இரவுப் பணி மாறிமாறிப் பார்ப்பவருக்கும், மல்லாந்து படுப்பவருக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுத்து, தூங்கும் நேரத்தை ஒழுங்கு செய்தாலே பலருக்குக் குறைந்துவிடும்.

இன்னொன்று வலிப்பு. திடீரென விழுந்து, கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்துங்கள். கையில் இரும்புச் சாவி திணிப்பதால் பயன் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நிற்காமல் அடுத்தது வந்தாலோ உடனே மருத்துவமனை. பிறகு வேண்டுமானால் ஓதிப் பாருங்கள், மாத்திரையை நிறுத்தாமல்.

இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. தர்காவில் குணமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள், அருகே ஓலைக்கொட்டகையில் நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அது தீப்பிடித்தது. சங்கிலியோடு 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

டெல்லியில் ஒரு மனுநீதி நாள்

எல்லா இடத்திலும் ஜின் பயத்துக்குரியதாக இல்லை. டெல்லியில் ஃபிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையின் இடிபாட்டுக்கு வியாழக்கிழமைதோறும் இந்து, முஸ்லிம் என்று பாராமல் மக்கள் வருகிறார்கள். அங்கே வாழும் ஜின்களுக்கு மனு எழுதி, சுவர் மாடங்களில் வைத்து, ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். வீட்டுத் தகராறு, வழக்கு, நோய், மகளின் திருமணம். அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. இறைவனிடம் கேட்க வேண்டியதை அவன் படைப்பிடம் கேட்பது தவறு என்பார்கள். ஆனால் மனு எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தில் மரபை அச்சுப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். ஜின்னுக்கு மறைவானது தெரியாது அல்லவா? மனுவில் பலர் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை ஒட்டி, வீட்டின் முழு முகவரியையும் எழுதி வைக்கிறார்கள்.